டிராஃப்ட் 2025: பையனைப் பார்க்கிறோமா, டிவி காட்டுவதைப் பார்க்கிறோமா?

#1 ரிம்முக்கு மேலே

காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து என்பிஏ டிராஃப்டின், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சியின், முதல் சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 30 தேர்வு, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். நடுவில் இரண்டு காபி, ஆறிப்போன ஒரு தோசை. கூப்பர் ஃப்ளாக் டல்லாஸுக்கு. இது தெரிந்த சங்கதி. பிப்ரவரியில் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மே மாதம் 1.8 சதவீத வாய்ப்பில் லாட்டரியில், அதாவது யார் முதலில் எடுப்பது என்ற குலுக்கலில், முதலிடம் அடித்த அணி. கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுவது என்பார்களே, அது இதுதான்.

இழை அதற்காகத் தொடங்கவில்லை. இந்த முறை ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பையனையும் டிவியில் எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்று குறித்தேன். பெயர், தொப்பி, கமிஷனரோடு கைகுலுக்கல், அம்மாவின் கண்ணீர், அப்புறம் ஒரு துண்டுப் படம். அந்தத் துண்டில் எவனும் ஷாட் தவறவிட்டதே இல்லை. எல்லாம் டங்க், எல்லாம் பிளாக். அடுத்தது விங்ஸ்பேன், அதாவது இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளம் என்று. அது முடிந்த கையோடு இணையத்தில் ‘ஏ’, ‘சி மைனஸ்’ என்று மார்க் ஷீட். பையன் இன்னும் மேடையை விட்டு இறங்கியிருக்க மாட்டான்.

என் நோட்டில் ஒருமுறைகூட விழாத எண் ஒன்று உண்டு. ஃப்ரீ த்ரோ சதவீதம், அதாவது எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் இலவச ஷாட்டில் எத்தனை விழுகிறது என்பது.

2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மார்கெல் ஃபுல்ட்ஸ் த்ரீ பாயிண்ட் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) 41.3 சதவீதம், லான்சோ பால் 41.2, ஜேசன் டேட்டம் 34.2. யார் நல்ல ஷூட்டர் என்று கேட்டால் யாரும் டேட்டமைச் சொல்ல மாட்டார்கள். இப்போது ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்: ஃபுல்ட்ஸ் 64.9, லான்சோ 67.3, டேட்டம் 84.9. என்பிஏவில் முதல் வருடம் டேட்டம் த்ரீ பாயிண்டில் 43.4 சதவீதம் போட்டார். லான்சோ 30.5. அவருடைய ஃப்ரீ த்ரோ இன்னும் கீழே, 45.1.

காரணம் ஒன்றும் மந்திரம் இல்லை. ஃபுல்ட்ஸ் கல்லூரியில் ஆடியது 25 ஆட்டம், ஆட்டத்துக்குச் சுமார் ஐந்து த்ரீ. மொத்தம் 125 சொச்சம் ஷாட். அதில் ஐந்து பந்து ரிம்மில் உருண்டு உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்பதிலேயே 4 சதவீதம் ஏறி இறங்கிவிடும். ஃப்ரீ த்ரோவில் யாரும் கையை நீட்டி மறிப்பதில்லை, தூரம் மாறுவதில்லை. கை எப்படிப்பட்டது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

இந்த வருடம் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கான் நிப்பல் 91.4. ஃப்ளாக் 84. சார்லட் நான்காவதாக நிப்பலை எடுத்ததை வைத்து முகம் சுளிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.


#2 வெள்ளிக்கிழமை லீவு

தல, கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில் உட்காராமல் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

டிராஃப்ட் ஒளிபரப்பு ஒரு விழா. அதில் பாடம் தேடினால் எப்படி? எனக்கு 2015தான் ஞாபகம் வரும். நான்காவது இடத்தில் நியூயார்க் நிக்ஸ் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை எடுத்தது. அரங்கமே ஊளையிட்டது. கேமரா நேராகப் போய் நிக்ஸ் சட்டை போட்ட ஒரு சின்னப் பையன் மேல் நின்றது. தலையில் கை வைத்து, வாய் பிளந்து, அழுதே விட்டான். லாட்வியாவிலிருந்து வந்த ஏழடி ஆள் மேடையில் தொப்பியோடு நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2018ல் அதே நிக்ஸுக்காக ஆல் ஸ்டார், 2024ல் பாஸ்டனோடு சாம்பியன். இந்தக் காட்சியை எந்த ஃப்ரீ த்ரோ சதவீதம் தரும்?


#3 ரிம்முக்கு மேலே

காட்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஊளைக்கு என்ன காரணம் என்றுதான் கேட்கிறேன். அரங்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அவர் ஸ்பெயினில் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள்? பெயரைக் கேட்டார்கள், ஒல்லி உடம்பைப் பார்த்தார்கள், முடிந்தது.


#4 ஸ்கார்பரோ பெடியன்

ஊளையிட்ட ஆட்களில் நானும் ஒருவன். நிக்ஸுக்கு இல்லை, ராப்டர்ஸுக்கு. டொரோண்டோவில் இருந்து டிராஃப்ட் பார்ப்பது எவ்வளவு பெரிய தவம் என்று உங்கள் ஒருவருக்கும் விளங்காது.

2004ல் எட்டாவதாக ரஃபேல் அராவ்ஹோ. அடுத்த இடத்தில், ஒன்பதாவதாக, ஆந்த்ரே இகுவடாலா போனார். 2006ல் முதல் இடமே எங்களுக்கு. ஆந்த்ரியா பார்ன்யானி! 2014ல் இருபதாவதாக புரூனோ கபோக்லோ என்று பிரேசில் பெடியன் ஒருவன். எந்த மாக் டிராஃப்டிலும் (யார் எங்கே போவார் என்ற ஊகப் பட்டியல்) முதல் சுற்றில் அவன் பெயரைக் கண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன்னில் இருந்த ஃபிரான் ஃபிரஷில்லா அன்று சொன்னதை இங்கே இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்: இவன் தயாராக இரண்டு வருடம் இருக்கிறது என்று சொல்லவே இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று. அந்த வசனத்துக்காகவே அந்தத் தேர்வை மன்னித்துவிட்டேன்.

2021லும் கத்தினேன். நான்காவது இடத்துக்கு ஜேலன் சக்ஸ் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்காட்டி பார்ன்ஸ் பெயர் வந்தது. வீட்டில் சோஃபாவைக் குத்தினேன், மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் பார்ன்ஸ் சிறந்த புதுமுகம். அதற்குப் பிறகு டிராஃப்ட் இரவில் வாயைத் திறப்பதில்லை என்று ஒரு விரதம்.

ஆனால் ஒன்று. 2019ல் நாங்கள் கோப்பை தூக்கிய அணியில் லாட்டரித் தேர்வு, அதாவது முதல் 14 இடத்தில் எடுக்கப்பட்டவர், ஒருவர்கூட இல்லை. காவாய் லெனர்ட் 15வது, லாட்டரிக்கு ஒரு இடம் வெளியே. லவ்ரி 24, சியாகம் 27, மார்க் கசோல் 48. வான்வ்லீட்டை எவனுமே எடுக்கவில்லை. சியாகம் பெயர் அறிவித்த இரவில் எங்கள் வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. யார் இவன் என்றுதான் கேட்டோம்.


#5 சாக்பீஸ் மாஸ்டர்

ரிம்முக்கு மேலே சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றிக் கொஞ்சம்.

நான் பதினாறு வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். செலக்‌ஷன் நாளில் நாங்களும் ஒரு ஏழைக் காம்பைன் (டிராஃப்டுக்கு முன் உடம்பை அளந்து சோதிக்கும் முகாம்) நடத்துவோம். விரல் நுனியில் சாக்பீஸ் தூள் பூசிக்கொண்டு சுவரோரமாக நின்று ஒரு கோடு, எம்பிக் குதித்து இன்னொரு கோடு. இடைவெளியை டேப் வைத்து அளப்போம். ஒரு வருடம் ஒரு பையன் போட்ட கோடு எல்லோருக்கும் மேலே, தனியாக, விட்டம் பக்கத்தில் இருந்தது. சுவரைப் பார்த்தே எடுத்துவிட்டேன். பந்தோடு ஓடிவந்து இரண்டு காலில் நிற்கத் தெரியாது அவனுக்கு. ஒவ்வொரு முறையும் டிராவலிங், பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் தவறு. ஒரு சீசன் முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. அந்தக் கோட்டை வெள்ளையடிக்கும் வரை தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உடம்பை அளப்பது பற்றி நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. 2007 காம்பைனில் கெவின் டுரான்ட் 185 பவுண்டு பென்ச் பிரஸ்ஸை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அந்த ஒல்லிக் கையை வைத்துக்கொண்டு அவர் போட்ட புள்ளிகள் ஊருக்கே தெரியும்.

ஆனால் உங்கள் ஃப்ரீ த்ரோ சாவிக்கு எல்லாப் பூட்டும் திறக்காது. ஃபுல்ட்ஸுக்குத் தோள்பட்டையில் நரம்பு நெரிபடும் கோளாறு என்று 2018 கடைசியில் கண்டுபிடித்தார்கள். 64.9 அதையா சொன்னது? டான்சிச்சைப் பாருங்கள். முதல் வருடம் ஃப்ரீ த்ரோ 71.3தான். உங்கள் நோட்டுப்படி சந்தேகப் பட்டியல். 19 வயதில் ரியல் மாட்ரிட்டோடு யூரோலீக் கோப்பை, யூரோலீக் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது), அதற்கு முந்தைய வருடம் ஸ்லோவேனியாவோடு ஐரோப்பிய சாம்பியன். இதற்கு மேல் ஒரு பதின்வயதுப் பையனிடம் என்ன சான்றிதழ் கேட்பது? அப்படியும் 2018ல் ஃபீனிக்ஸ் டியான்ட்ரே ஏட்டனை எடுத்தது, சாக்ரமெண்டோ மார்வின் பேக்லியை எடுத்தது. இரண்டு பேரும் நல்ல உயரம், நல்ல எகிறல். டான்சிச் வேகமாக ஓடமாட்டார், உயரமாகக் குதிக்கமாட்டார் என்று பேச்சு.

நான் பையன்களிடம் பார்ப்பது, யாரை எதிர்த்து ஆடினான் என்பது. பெரியவர்களோடு சம்பளத்துக்கு ஆடி ஜெயித்தவனுக்கும், கல்லூரியில் 25 ஆட்டம் ஆடி வந்தவனுக்கும் ஒரே தராசு கிடையாது.


#6 ரிம்முக்கு மேலே

மாஸ்டர், டான்சிச் விஷயத்தில் கையைத் தூக்கிவிட்டேன். ஷூட்டிங் மட்டும்தான் அந்த எண் சொல்லும், ஆட்ட அறிவைச் சொல்லாது. முதல் பதிவில் அதைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

தோள் விஷயத்தில் கொஞ்சம் அடம் பிடிப்பேன். காயம் பிறகு தெரிந்தது, சரி. கல்லூரி ஃப்ரீ த்ரோ அதற்கு முன்பே 64.9. பாஸ்டன் அந்த முதல் இடத்தைப் பிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாவதுக்கு இறங்கி, கூடவே இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டது. ஏதோ ஒன்று அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது.


#7 புதுசா ஒருத்தி

வணக்கம். போன வருடத்திலிருந்துதான் என்பிஏ பார்க்கிறேன். இரண்டு சின்னக் கேள்விகள், சிரிக்காதீர்கள்.

ஒன்று, சில பையன்கள் ஒரு அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், கீழே ஓடும் எழுத்தில் வேறு அணி வருகிறது. இரண்டு, மேடையில் அறிவிக்கும் முன்பே எக்ஸ் தளத்தில் பெயர் வந்துவிடுகிறதே, எப்படி?


#8 வெள்ளிக்கிழமை லீவு

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பத்து வருடமாகப் பார்ப்பவர்களுக்கே குழப்பம்தான்.

தொப்பி: வாய்மொழியில் பேரம் முடிந்திருக்கும், லீக் இன்னும் முத்திரை குத்தியிருக்காது. அதுவரை எந்த அணியின் முறையோ அந்த அணியின் தொப்பிதான். டான்சிச் 2018ல் அட்லாண்டா தொப்பியோடு நின்றார், டிரே யங் டல்லாஸ் தொப்பியோடு நின்றார். அன்றே இருவரையும் மாற்றிக்கொண்டார்கள், அட்லாண்டாவுக்குக் கூடுதலாக ஒரு முதல் சுற்றுத் தேர்வும் கிடைத்தது. கோபி பிரயன்டையே 1996ல் 13வதாக எடுத்தது சார்லட்தான். விளாடே டிவாட்ஸுக்காக லேக்கர்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

முன்கூட்டியே தெரிவது: அணிகள் லீக்குக்குப் பெயரைச் சொல்வதற்கும் கமிஷனர் மைக் முன்னால் வருவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஏஜெண்டுகளுக்கும் நிருபர்களுக்கும் அது போதும். நிருபர் ஆட்ரியன் வோஜ்னராவ்ஸ்கி யாஹூவில் இருந்த காலத்தில் டிவியைத் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே ஈஎஸ்பிஎன் போய்ச் சேர்ந்தார். சொந்த ஒளிபரப்பின் சஸ்பென்ஸைக் கெடுக்கக்கூடாது என்று அங்கே ஒப்பந்தம். மனிதர் 2018ல் என்ன செய்தார் தெரியுமா? ‘எடுக்கப்போகிறார்கள்’ என்று எழுதவில்லை. ஒருவர் மேல் கண் வைத்திருக்கிறார்கள், ஒருவரிடம் மயங்கிவிட்டார்கள் என்று தேர்வுக்குத் தேர்வு ஒரு புது வினைச்சொல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல. அந்த இரவு முழுக்க நான் டிவியை மியூட்டில் போட்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.


#9 புதுசா ஒருத்தி

நன்றி! இன்னொன்று. நம் நாட்டிலிருந்து யாரையாவது எடுத்திருக்கிறார்களா?


#10 சாக்பீஸ் மாஸ்டர்

ஒருவர். 2015, இரண்டாம் சுற்று, 52வது தேர்வு, டல்லாஸ். சத்நாம் சிங். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமம். ஏழடி இரண்டு அங்குலம். பதின்வயதிலேயே ஃப்ளோரிடாவில் இருக்கும் ஐஎம்ஜி அகாடமிக்குப் போய்விட்டார். டல்லாஸின் கீழ்நிலை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் ஆடினார், என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட ஆட வாய்ப்பு வரவில்லை. இப்போது தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் செய்தி வந்தது. என் பையன்களில் இரண்டு பேர் போன் செய்து கத்தினார்கள். ஆனால் உயரத்துக்காக எடுத்தார்கள் என்று எனக்கு அன்றே தோன்றியது. என் சாக்பீஸ் கோடு மாதிரிதான். உயரம் கதவைத் திறக்கும், உள்ளே போய் உட்கார நாற்காலி தராது.


#11 ஸ்கார்பரோ பெடியன்

உயரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏஸ் பெய்லியை ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வருடம் முழுக்க ஆறடி பத்து என்று எழுதி வைத்திருந்தது. காம்பைனில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அளந்தால் ஆறடி ஏழரை. இரண்டரை அங்குலம் எங்கே போனது? யூட்டா ஐந்தாவதாக எடுத்திருக்கிறது.

நியூ ஆர்லீன்ஸ் என்ன செய்தது என்று ஒருவரும் எழுதவில்லையே. டெரிக் குவீனுக்காக 23ல் இருந்து 13க்கு ஏற, 2026 முதல் சுற்றுத் தேர்வை எந்தப் பாதுகாப்பும் (முன்னணி இடத்தில் விழுந்தால் தங்களுக்கே என்ற நிபந்தனை) இல்லாமல் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்த்ததும் நான் தொலைக்காட்சியோடு கதைத்தேன். விரதம் முறிந்தது.


#12 வெள்ளிக்கிழமை லீவு

அதுதான் இன்றைய ஒளிபரப்பின் சிறந்த நிமிடம். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பட்டது. பேரத்தை அலசும்போதுதான் இவர்கள் உருப்படியாகப் பேசுகிறார்கள். பையனை அலசும்போது எல்லோரும் ‘பெரிய வளர்ச்சிக்கு இடம் இருக்கிறது’.

யாங் ஹான்சனும் அப்படித்தான். பல மாக் டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் இருந்த சீன சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள். 16வதாக அவர் பெயர் வந்து, போர்ட்லேண்டுக்குப் போகிறார் என்றதும், அவரைப் பற்றிச் சொல்ல எடுத்து வைத்த தாள் எங்கே என்று தேடுவது மாதிரி இருந்தது.


#13 ரிம்முக்கு மேலே

சரி, அப்படியானால் நாளைக் காலை இரண்டாம் சுற்றுக்கு எத்தனை பேர் எழுவீர்கள்? என் கணக்கில் அதுதான் உண்மையான டிராஃப்ட்.

யோகிச் கதையை எல்லோரும் சிரிப்புக்குச் சொல்வார்கள். 2014, 41வது தேர்வு, டென்வர். டிவியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, சீஸ் ஒழுகும் ஒரு சுருட்டிய ரொட்டி. கீழே பட்டையில் நிக்கோலா யோகிச் என்று ஓடி மறைந்தது. அவரே செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். இன்று மூன்று எம்விபி, 2023ல் கோப்பை.

எனக்கு இதில் பிடித்தது கடிகாரம். அப்போது இரண்டாம் சுற்றில் ஒரு தேர்வுக்கு 2 நிமிடம்தான். ஒரு விளம்பர இடைவேளைக்கும் அதே அளவு நேரம். ஆகவே ஒவ்வொரு இடைவேளையிலும் யாரோ ஒருவருடைய வாழ்க்கை மாறும் நொடி ரொட்டிக்குப் பின்னால் போய்விடும். 2024ல் டிராஃப்டை இரண்டு நாளாகப் பிரித்து இரண்டாம் சுற்றுக்கு 4 நிமிடமாக்கினார்கள். அணிகளுக்கும் இரவு முழுக்கப் பேரம் பேச நேரம் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. அதே இரவில் டென்வர், யோகிச்சுக்கு 25 இடம் முன்னால், 16வது தேர்வில் வந்த யூசுஃப் நுர்கிச் என்ற இன்னொரு சென்டரைப் பேரத்தில் வாங்கியிருந்தது. எடுத்த அணிக்கே எதை எடுத்தோம் என்று தெரியவில்லை. அரைமணி நேரத்தில் மார்க் போடுபவருக்கு எப்படித் தெரியும்?


#14 சாக்பீஸ் மாஸ்டர்

தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். முதல் 40 தேர்வுகளிலும் யாரும் எடுக்காத பையனை எடுக்க ஒருவர் மேஜையில் குரல் கொடுத்திருக்கிறார். அந்தக் குரல் யாருடையது என்பதை டிவி காட்டினால் நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.


#15 வெள்ளிக்கிழமை லீவு

காலை 6:10. இரண்டாம் சுற்று ஓடுகிறது. உங்கள் புண்ணியத்தில் நானும் எழுந்துவிட்டேன், வீட்டில் எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

34வதாக சார்லட் ரயன் கால்க்பிரெனரை எடுத்திருக்கிறது. ஏழடி ஒன்று, கிரைட்டன் பல்கலைக்கழகம். பிக் ஈஸ்ட் என்ற கல்லூரிப் பிரிவில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது நான்கு முறை. வயதாகிவிட்டது என்பதுதான் குறையாம். 23 வயது!


#16 ஸ்கார்பரோ பெடியன்

இங்கே இரவு ஒன்பதாகிறது. 39வது எங்களுடையது, அதுவரை வாய் திறக்க மாட்டேன்.


#17 ரிம்முக்கு மேலே

கால்க்பிரெனர் முழு ஆட்டம் ஏதாவது யாரிடமாவது இருந்தால் இணைப்பு போடுங்கள். துண்டுப் படம் வேண்டாம், நாற்பது நிமிடமும் இருக்க வேண்டும்.


#18 புதுசா ஒருத்தி

என்னிடம் ஒன்று இருக்கிறது, தனிமடலில் அனுப்புகிறேன். இப்போது விளம்பரம் ஓடுகிறது, கீழே பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.